அரைப்பேர்

என் அம்மா தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் 31 வருஷம் கொழுந்து பறித்தார். தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்தைப் 'பேர்' என்றுதான் சொல்வார்கள். சொன்ன கிலோவை எடுத்துவிட்டால் முழுப்பேர். எடுக்காவிட்டால் அரைப்பேர். காலையிலிருந்து பின்னேரம் வரை அதே மலையில், அதே மழையில்தான் நின்றிருப்பார். நிறுவையில் இரண்டு கிலோ குறைந்தால் அன்றைக்குச் செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைப் பதிவேட்டில், அவர் பாதி ஆள். "இன்னைக்கு அரப்பேருதான் போட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்ப்பார். பிறகு அடுப்பைப் பற்றவைப்பார். அந்த அடுப்படி வேலைக்குப் பேரே கிடையாது என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் உறைத்தது. 1984 வரைக்கும் தோட்டத்தில் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த நாட்கூலிதான் இருந்தது. அம்மா அதையும் வாங்கியவர்.

இப்போது நான் கொழும்பில் பேர் போடுகிறவள். புறக்கோட்டையில் உணவுப் பொருள் இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் 19 வருஷமாகச் சம்பளப் பட்டியல் என் கையில். மாதம் 20ஆம் திகதி தொடங்கினால் 25க்குள் முடிக்க வேண்டும். அந்த நாட்களில் யாருடைய உழைப்புக்கு என்ன விலை என்பது என் கண் முன்னால் வரிசையாக ஓடிக்கொண்டே இருக்கும்.

மேலே இருப்பவருக்கு அதிகம், கீழே இருப்பவருக்குக் குறைவு என்பது எல்லோருக்கும் தெரிந்தது. என்னை அதைவிட அதிகம் யோசிக்க வைத்தது சம்பளச் சீட்டின் நீளம். பதவி உயர உயரச் சீட்டும் நீளும். அடிப்படைச் சம்பளம், வாகனப் படி, எரிபொருள், டெலிபோன், மருத்துவக் காப்புறுதி என்று வரி வரியாகப் போகும். கீழே வர வர இரண்டு மூன்று வரியில் முடிந்துவிடும். வத்தளையிலிருந்து காரில் வருகிறவருக்கு நிறுவனம் பெற்றோல் அடித்துக் கொடுக்கிறது. மட்டக்குளியிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்து அவருடைய மேசையைத் துடைக்கிற அக்கா, டிக்கெட் காசைத் தன் நாட்கூலியில் எடுக்கிறார். இருவரும் வருவது ஒரே கட்டடத்துக்கு வேலை செய்ய. ஏன் இப்படி என்று பல வருஷம் நான் யாரிடமும் கேட்கவில்லை. பட்டியல் அப்படி இருந்தது, நிரப்பினேன்.

லீவும் அப்படித்தான். கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954இல் வந்தது. எங்களைப் போன்ற மாதச் சம்பளக்காரருக்கு வருஷத்தில் 14 நாள் வருடாந்த லீவு, 7 நாள் கெஷுவல் லீவு. எனக்குக் காய்ச்சல் வந்தால் படுத்திருக்கிற நாளுக்கும் சம்பளம் விழும். எங்கள் நாட்டாமைமாருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு மூட்டை இல்லை, காசும் இல்லை.

தமிழ்நாட்டில் இருந்து வாசிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. உங்கள் ஊரில் நாட்டாமை என்றால் தீர்ப்புச் சொல்கிற பெரியவர். புறக்கோட்டையில் நாட்டாமை என்றால் மூட்டை தூக்குகிறவர். சிங்களத்திலும் 'நாட்டாமி' என்றே சொல்வார்கள். நாலாம் குறுக்குத் தெருவில் ஒரு காலை நேரம் நின்று பார்த்தால் தெரியும். லொறி, முச்சக்கர வண்டி, சாமான் வாங்க வந்த சனம், எல்லாவற்றுக்கும் நடுவில் கைவண்டியில் மூட்டைகளை அடுக்கிக்கொண்டு, யார் காலிலும் ஏற்றாமல் வளைத்துக் கொண்டுபோவார்கள். அரிசி, சீனி, பருப்பு, வெங்காயம், கருவாடு என்று இந்த நகரத்தின் சாப்பாட்டில் பெரும் பங்கு யாரோ ஒரு நாட்டாமையின் தோளில் ஏறி இறங்கியதுதான்.

எங்கள் பட்டியலில் அவர்களுக்குத் தனித் தாள் உண்டு. தலைப்பு 'திறனற்ற தொழிலாளர்'. அந்தச் சொல்லை மாதா மாதம் நானே அச்செடுத்திருக்கிறேன். அதை ஒருநாள் என்னால் வாசிக்க முடியாமல் போனது.

சில வருஷங்களுக்கு முன்பு துறைமுகத்திலிருந்து ஒரு கொள்கலன் சீனி வந்து இறங்கியது. 50 கிலோ மூட்டை 520. கையிருப்புக் கணக்கெடுக்க நானும் அன்றைக்கு ஸ்டோருக்குப் போயிருந்தேன். பாதி இறக்கிய பிறகு, நாட்டாமைமாரில் மூத்தவர் ஒருவர் தோளில் ஏறிய மூட்டையை அப்படியே திருப்பிக் கீழே வைத்தார்.

"என்னண்ணே?" என்று கேட்டேன்.

"இது சீனிப் பாரம் இல்ல மிஸ். தண்ணிப் பாரம்."

வெளியே பார்த்தால் மூட்டை காய்ந்துதான் இருந்தது. பிரித்துப் பார்த்தோம். அடிப்பக்கம் கசிந்து பாகாகத் தொடங்கியிருந்தது. கொள்கலனின் கூரையில் எங்கோ ஓட்டை, கடலில் வரும்போதே தண்ணீர் இறங்கியிருக்கிறது. அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு மூட்டையையும் தோளில் ஏற்றி, ஒரு கணம் நின்று, நல்லதை உள்ளேயும் கெட்டதை வெளியேயும் அனுப்பினார். தராசு இல்லை, கருவி இல்லை. 61 மூட்டை தனியே நின்றன. அவை உள்ளே போய் அடுக்கின் நடுவில் இருந்திருந்தால் பாகு வழிந்து கீழிருக்கும் மூட்டைகளையும் கட்டியாக்கியிருக்கும். தனியே நின்றதால் காப்புறுதி ஆள் வந்து சுலபமாக எண்ணிப் போனார். நட்டஈடும் வந்தது. அந்த விவகாரத்தை வேகமாக முடித்துக் கொடுத்ததற்காக இறக்குமதிப் பிரிவு மேலாளருக்கு வருஷக் கடைசி போனஸில் ஒரு தொகை கூடியது. அந்த வரியை நான்தான் தட்டெழுதினேன்.

மாதக் கடைசியில் நாட்டாமைத் தாளுக்கு வந்தேன். கூலி மூட்டைக் கணக்கில். கணக்கு என்றால், ஸ்டோரில் அடுக்கிய மூட்டைக்கு. அடுக்கியது 459. ஒதுக்கி வைத்த 61 மூட்டைக்குக் கூலி இல்லை. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் உள்ளே அடுக்கியிருந்தால் அந்த அண்ணனுக்கும் கூட்டாளிகளுக்கும் 520க்குக் காசு கிடைத்திருக்கும். அவருடைய திறமை அவர் கூலியைக் குறைத்தது. மேலே 'திறனற்ற' என்று அச்சாகியிருக்கிற அதே தாளில்.

நான் முதலாளியிடம் போனேன். நல்ல மனுஷன்தான், காது கொடுத்துக் கேட்டார். "சரி, ஏதாவது பார்த்துப் போடுங்க" என்றார். எதற்குக் கீழே போடுவது? மேலாளர்களுக்குப் போனஸ், ஊக்கத்தொகை, விசேட படி என்று எத்தனையோ நிரல்கள். நாட்டாமைத் தாளில் மூட்டை எண்ணிக்கை, விலை, மொத்தம் மட்டும். கடைசியில் பெட்டி கேஷில், அதாவது சில்லறைச் செலவுக் கணக்கில், 2,000 ரூபா எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பக்கத்தில் அதற்கு மேலே தேயிலை, கீழே சணல் கயிறு. அவர் காசை வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டது எனக்கு இன்னும் பொறுக்கவில்லை. அது அவருடைய கூலி. கும்பிட்டு வாங்க வேண்டியதில்லை.

"ஆள் சுலபமாகக் கிடைக்கிறது, அதனால்தான் விலை குறைவு" என்று எங்கள் கணக்காய்வாளர் ஒருமுறை விளக்கம் சொன்னார். நானும் வணிகக் கல்வி படித்தவள், அந்தப் பாடம் எனக்கும் தெரியும். ஆனால் 2022இல் என்ன நடந்தது? அந்த ஒரு வருஷத்தில் மட்டும் 3 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வேலைக்கு வெளிநாடு போனார்கள். எங்கள் கணக்குப் பிரிவிலிருந்தும் போனார்கள், ஸ்டோரிலிருந்தும் போனார்கள். இரண்டு இடத்திலும் ஆள் தட்டுப்பாடுதான். ஒபிஸில் மிச்சமிருந்தவர்களைப் பிடித்து வைக்கப் புதுப் படி ஒன்று வந்தது. எனக்கும் கிடைத்தது. ஸ்டோரில் மூட்டைக்குக் கொஞ்சம் ஏற்றினார்கள், அவர்கள் சுமந்த அரிசியின் விலை ஏறிய அளவுக்குக் கிட்டவும் வரவில்லை. அந்தப் பாடம் ஒபிஸுக்கு மட்டும் எழுதப்பட்டதா என்று அவரைக் கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்கவில்லை.

2020 மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு போட்டபோதும் இதையே பார்த்தேன். வீட்டில் இருக்கும் ஊழியருக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபா, எது அதிகமோ அதைக் கொடுக்கலாம் என்று தொழில் அமைச்சில் முத்தரப்பு உடன்பாடு வந்தது. அதை வைத்து வீட்டிலிருந்தே பட்டியல் போட்டேன். நாட்டாமைமார் அதில் இல்லை. சட்டப்படி மூட்டைக் கூலிக்காரருக்கும் சேமலாப நிதி என்கிற ஓய்வுக்காலச் சேமிப்பு உண்டு, ஆனால் எங்கள் இடத்தில் அவர்கள் 'கொந்தராத்து ஆட்கள்', அதாவது ஒப்பந்தக் கூலிகள். அரசாங்கம் கொடுத்த 5,000 ரூபாயைத் தேடி கிராம சேவகரிடம் அலைந்ததாகப் பிறகு சொன்னார்கள். அந்த வாரங்களில் கடைகளில் சீனியும் பருப்பும் இருந்ததென்றால், அதற்கு முந்திய வாரம் அதைச் சுமந்தவர்கள் அவர்கள்தான்.

இவ்வளவும் நிறுவனத்தைப் பற்றி. என் வீட்டைப் பற்றியும் எழுதாவிட்டால் இது நேர்மையாக இருக்காது.

அம்மா இப்போது கொட்டாஞ்சேனையில் என்னோடு இருக்கிறார். முழங்கால் இரண்டும் போய்விட்டன. பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஜிந்துப்பிட்டியிலிருந்து ஓர் அக்கா வருகிறார். குளிக்க வார்ப்பது, மருந்து கொடுப்பது, கைபிடித்து நடத்துவது எல்லாம் அவர்தான். அவர் வருவதால்தான் நான் வேலைக்குப் போகிறேன். 2016ஆம் ஆண்டின் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் வந்தபோது மாதத்துக்கு 10,000 ரூபா. 2025 ஏப்ரலில் 27,000 ஆனது. அந்தச் சட்டத்துக்குள் வீட்டு வேலை செய்பவர்கள் இல்லை. அது எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டேதான் சம்பளம் பேசினேன்.

இந்த வருஷம் அவருக்கு டெங்கு சந்தேகம் என்று இரண்டு நாள் வரவில்லை. மாதக் கடைசியில் பழக்கதோஷத்தில் இரண்டு நாள் கழித்து உறையில் போட்டேன். அம்மா கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் புள்ளைக்கு அரப்பேரா போட்ட?"

வேறொன்றும் சொல்லவில்லை. என்னால் அன்றைக்குச் சாப்பிட முடியவில்லை.

அடுத்த ஞாயிறு ஒபிஸ் பட்டியலைப் போலவே அவருக்கும் ஒன்று போட்டேன். கழித்த இரண்டு நாளையும் திருப்பி எழுதினேன். வருஷத்துக்கு லீவு எத்தனை நாள் என்று எழுதினேன். நிறுவனம் எங்களுக்குக் கட்டுகிற 12 வீதச் சேமலாப நிதியையும் 3 வீத நம்பிக்கை நிதியையும் கூட்டினால் 15 வீதம். அந்தத் தொகையை மாதா மாதம் போட அவருடைய பெயரில் வங்கிக் கணக்கு ஒன்று திறப்பது என்று முடிவெடுத்தேன். எல்லாவற்றையும் அவருக்கு விளக்கிச் சொன்னேன். தாளை இரண்டு முறை வாசித்தார்.

"தங்கச்சி, இது இந்த மாசத்துல இருந்துதானே?"

"ஓம் அக்கா."

"அப்ப முந்தின ஆறு வருஷம்?"

கோபமாகக் கேட்கவில்லை. தாளில் அந்த இடம் காலியாக இருந்ததால் கேட்டார்.

பழைய டயரிகளை அலுமாரியிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். 2020இலிருந்து இன்று வரை கொடுத்த சம்பளம் எல்லாம் எழுதியிருக்கிறது. 2019 டயரியைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.