மூன்றாவது வாரம்

வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டவர்களைப் பற்றி வார்டில் எனக்குக் கவலை குறைவு. வலியே அவர்களை அடக்கி வைத்துவிடும். லேப்ரோஸ்கோப்பியில், அதாவது வயிற்றில் சின்ன ஓட்டைகள் போட்டுச் செய்துகொண்டு, ஓரிரு நாளில் சிரித்த முகமாக வீட்டுக்குக் கிளம்புகிறார்களே, அவர்களிடம்தான் பயம்.

அப்படிப் போன ஒருவர் மூன்றாவது வாரம் ரத்தப்போக்கோடு வந்தார். "நல்லாத்தான் இருந்தேன் சிஸ்டர். ஈரத்துணி வாளியைத் தூக்கினேன், அவ்வளவுதான்."

வெளியே தெரிவது மூன்று நான்கு சின்னத் தையல். ஆனால் கர்ப்பப்பையோடு அதன் வாயையும் எடுத்துவிட்டால், பிறப்புறுப்பின் மேல்முனையைத் தைத்து மூடியாக வேண்டும். ஆபரேஷனை எந்த வழியில் செய்தாலும் அந்தத் தையல் உள்ளே இருக்கும். ஆற ஆறு வாரமாவது பிடிக்கும். அதுவரை பாரமும் கூடாது, தாம்பத்தியமும் கூடாது. நான் இதைச் சொல்லாமல் இல்லை. "கனமானதைத் தூக்காதீங்க" என்று ஒப்பித்திருந்தேன். தினமும் தூக்குகிற வாளியை யார் கனம் என்று நினைப்பார்கள்? இப்போதெல்லாம் டிஸ்சார்ஜ் அன்று, "வீட்டில் நீங்க தூக்குறது என்னென்ன?" என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிக்கிறேன். படுத்தே கிடக்கவும் விடுவதில்லை. நடக்காவிட்டால் காலில் ரத்தம் உறையும்.

ஆபரேஷனுக்கு முன் எல்லோரும் கேட்பது, "ஓட்டை போட்டா, வெட்டியா?" கட்டி மிகப் பெரிதாக இருந்தால் பெரும்பாலும் வெட்டித்தான் ஆக வேண்டும், கர்ப்பப்பை இறங்கியிருந்தால் பிறப்புறுப்பு வழியாகவே எடுத்துவிடலாம், வயிற்றில் கீறலே இருக்காது. எதை எடுக்கப் போகிறார்கள் என்று கேட்பவர்கள்தான் குறைவு. சினைப்பைகள் இரண்டையும் சேர்த்து எடுத்தால், மாதவிடாய் நிற்கும் வயதை எட்டாதவருக்கு அந்தப் பருவம் ஒரே நாளில் வந்துவிட்ட கணக்கு. நாற்பது வயதுக்காரர் ஒருவர், சில நாளிலேயே உடம்பு தகதகவென்று எரிய, "யாரும் சொல்லலையே" என்று அழுதார். கையெழுத்துப் போட்ட படிவத்தில் இருந்திருக்கும். படிவத்தில் இருப்பதைச் சொன்னதாக நான் எடுத்துக்கொள்வதில்லை. கர்ப்பப்பை வாயை விட்டுவைத்தவர்களுக்கும் இதே கதைதான்: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பாப் ஸ்மியர் பரிசோதனை தொடர வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது.

வாளி தூக்கியவருக்குத் தையல் பிரியவில்லை, நல்லவேளை. இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினோம். கிளம்பும்போது பையை எடுக்கக் குனிந்தார். நான் ஓடிப் போய்ப் பிடுங்கிக்கொண்டேன்.