கனடா படிப்பு அனுமதி இழுபடுகிறதா? பெயரையும் பணத்தையும் பாருங்கள்

இலங்கை மலையகத்திலிருந்து கனடாவுக்குப் போகும் மாணவர் விண்ணப்பங்கள் பெரும்பாலும் இரண்டு இடத்தில் சிக்குகின்றன: பெயர், பணம். வரிசையின் நீளம் எல்லா நாட்டுப் பிள்ளைகளுக்கும் பொது. அதை நம்மால் குறைக்க முடியாது. இந்த இரண்டையும் விண்ணப்பம் போடுவதற்குச் சில மாதம் முன்பே சரிசெய்யலாம்.

முதலில் பெயர். தோட்டத்துப் பிறப்புப் பதிவுகள் பல சிங்களத்தில் எழுதப்பட்டவை. தமிழ்ப் பெயர் சிங்களத்துக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வரும்போது, சண்முகம் ஒரு பத்திரத்தில் ‘எஸ்’ என்று தொடங்குவார், இன்னொன்றில் ‘எஸ் எச்’ என்று தொடங்குவார். பாடசாலைச் சான்றிதழில் அப்பாவுக்கு முதலெழுத்து மட்டும் இருக்கும். கடவுச்சீட்டில் அதே அப்பா குடும்பப் பெயர்க் கட்டத்துக்குள் முழுதாக இருப்பார். அதனால் ஒழுங்கு முக்கியம்: பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடவுச்சீட்டு, அதன் பிறகே கல்லூரி விண்ணப்பம். கல்லூரியின் அனுமதிக் கடிதம் கடவுச்சீட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் ஒவ்வொரு கடிதத்தையும் கனடா குடிவரவுத் திணைக்களம் கல்லூரியிடமே கேட்டு உறுதிசெய்கிறது. கல்லூரிக்குப் பத்து நாள்தான் அவகாசம்.

ஏற்கெனவே வேறுபட்டுப் போன பத்திரங்களுக்குச் சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி முடியுங்கள். ‘இவர் இந்தப் பெயர்களாலும் அறியப்படுவார்’ என்று பொதுவாக எழுதினால் போதாது. எந்த எழுத்துக்கூட்டு எந்தப் பத்திரத்தில், எந்த இலக்கத்தோடு இருக்கிறது என்று வரி வரியாக வர வேண்டும். சிங்கள, தமிழ்ப் பத்திரங்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்பும் அசலின் பிரதியும் சேர்ந்தே போகட்டும்.

அடுத்தது பணம். 2025 செப்டம்பர் 1 முதல் கியூபெக் தவிர்ந்த மாகாணங்களுக்குத் தனியாகப் போகும் ஒருவர், வாழ்க்கைச் செலவுக்கு 22,895 கனேடிய டொலர் காட்ட வேண்டும். முதலாண்டுக் கட்டணமும் பயணச் செலவும் அதற்கு மேல். மற்ற மாவட்டங்களில் காணி உறுதியையும் மதிப்பீட்டு அறிக்கையையும் கோப்பில் வைப்பார்கள். தலைமுறை தலைமுறையாக லயத்தில் இருந்த குடும்பத்திடம் அந்த உறுதி ஏது? அதற்காக இன்னொருவர் காணியைத் தம் காணியாகக் காட்ட யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பொய்த் தகவல் என்று தீர்ப்பானால் ஐந்து ஆண்டுக்குக் கனடாப் பக்கமே போக முடியாது.

உறுதி இல்லாத குறையை வங்கிக் கூற்றுதான் ஈடுசெய்ய வேண்டும். கேட்பது கடைசி நான்கு மாதக் கூற்று. அதில் விண்ணப்பத்துக்கு முந்திய வாரம் ஒரு பெருந்தொகை திடீரென்று வந்து உட்கார்ந்தால், அதிகாரியின் கண் அங்கேதான் நிற்கும். ஒவ்வொரு பெரிய வைப்புக்கும் திகதி, தொகை, யாரிடமிருந்து வந்தது, ஆதாரம் என்ன என்று ஒரே பக்கத்தில் எழுதி வையுங்கள். அம்மாவின் ஊழியர் சேமலாப நிதி என்றால் அதன் கொடுப்பனவுக் கடிதம். நகை அடகு என்றால் வங்கிப் பற்றுச்சீட்டு. கொழும்பில் கடை வைத்திருக்கும் சித்தப்பா என்றால் வியாபாரப் பதிவும் வரிப் பத்திரமும்.

கனடாவில் இருக்கும் மாமா பொறுப்பேற்றால் அவருடைய வரி மதிப்பீட்டு அறிவித்தல், வேலைக் கடிதம், வங்கிக் கூற்று ஆகியவற்றோடு உறவையும் நிரூபிக்க வேண்டும். அம்மாவின் பிறப்புச் சான்றிதழும் மாமாவின் பிறப்புச் சான்றிதழும் ஒரே தாத்தாவைச் சொல்ல வேண்டும். தாத்தா ஒன்றில் பெருமாள், மற்றதில் பெரியபெருமாள் என்றால் காகிதத்தில் மாமா மாமா இல்லை. பெயர்ப் பிழை பணத்தையும் பிடித்து இழுப்பது இப்படித்தான். தாத்தா பெயருக்கும் சத்தியக் கடதாசி தேவைப்படலாம் என்பதை முன்கூட்டியே பாருங்கள்.

மற்றவை சுருக்கமாக. விண்ணப்பக் கட்டணம் 150 டொலர், கைரேகைக்கு 85. பட்டப் படிப்புக்கும் டிப்ளோமாவுக்கும், படிக்கப் போகும் மாகாணம் தரும் அத்தாட்சிக் கடிதம் வேண்டும். பொதுக் கல்வி நிறுவனத்தில் முதுகலை, முனைவர் படிப்புக்கு 2026 ஜனவரி 1 முதல் அது தேவையில்லை. கைரேகை கொடுக்கச் சொல்லும் கடிதம் வந்த நாளிலிருந்து 30 நாள் அவகாசம். கைரேகை கொடுக்கக் கொழும்புக்கு முதல் நாளே இறங்கிவிடுங்கள். 2025 நவம்பரில் டிட்வா புயலின்போது மலை வீதிகளும் ரயில் பாதையும் என்ன ஆயின என்று நமக்குத் தெரியும். மழைக்காலத்தில் அதிகாலை பஸ்ஸை நம்பி நேரம் குறிக்க வேண்டாம். திணைக்களத்தின் இணையத்தளத்தில் காட்டும் பரிசீலனைக் காலத்தில் கைரேகை கொடுக்க எடுக்கும் நாட்கள் சேராது என்பதையும் கணக்கில் வையுங்கள். மருத்துவப் பரிசோதனை முடிவு 12 மாதம் செல்லுபடியாகும். கடவுச்சீட்டு முடியும் திகதியைத் தாண்டி அனுமதி கிடைக்காது, ஆகவே பழையது என்றால் முதலில் புதுப்பியுங்கள்.

ஏஜென்சி மூலம் போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. காசு வாங்கிக்கொண்டு பிரதிநிதியாக நிற்க கனடாவில் அங்கீகாரம் பெற்ற குடிவரவு ஆலோசகருக்கும், கனடாச் சட்டச் சங்கத்தில் உறுப்பினரான வழக்கறிஞருக்கும் துணைச் சட்டத்தரணிக்கும்தான் உரிமை உண்டு; கியூபெக்கில் நொத்தாரிசுக்கும் உண்டு. விண்ணப்பத்தில் பெயர் போடாமல் பின்னால் நின்று நிரப்பும் ஆளிடம் மாட்டினால், திணைக்களம் மேலதிகப் பத்திரம் கேட்டு அனுப்பும் கடிதம் அவருடைய மின்னஞ்சலிலேயே கிடந்து காலாவதியாகும். தாமதம் என்று நினைத்துக் காத்திருந்த சில கோப்புகள் உண்மையில் இப்படித்தான் மறுக்கப்பட்டிருக்கின்றன. இணைய விண்ணப்பக் கணக்கும் கடவுச்சொல்லும் மாணவர் கையில் இருக்க வேண்டும்.

வகுப்பு தொடங்கும் நாள் நெருங்கியும் முடிவு வரவில்லையா? அனுமதிக் கடிதத்தில் கடைசியாகச் சேரக்கூடிய திகதி இருக்கும். அதற்குச் சில வாரம் முன்பே கல்லூரிக்கு எழுதி அடுத்த தவணைக்கு மாற்றிய கடிதத்தை வாங்கி, திணைக்களத்தின் இணையப் படிவம் வழியாகக் கோப்பில் சேருங்கள். கையில் வீசா வரும்வரை டிக்கெட் எடுக்காதீர்கள், இருக்கும் வேலையை விடாதீர்கள். மறுப்பு வந்தால், 2025 ஜூலை இறுதியிலிருந்து அதிகாரியின் குறிப்பும் பல கடிதங்களோடு வருகிறது. அதை வாசியுங்கள்; சொன்ன குறைக்குப் பதில் இல்லாமல் அதே கோப்பை மறுபடி போடாதீர்கள்.

ஏற்கெனவே அங்கே படிப்பவர்களுக்குப் பயணச் சிக்கல் வேறு. படிப்பு அனுமதி என்பது திரும்பி நுழையும் வீசா இல்லை. கடவுச்சீட்டில் ஒட்டிய வீசா காலாவதியாகியிருந்தால், வீட்டில் கல்யாணமோ சாவோ, வந்தவர் இங்கிருந்தே புது வீசாவுக்குக் காத்திருக்க வேண்டும். அனுமதி நீடிப்பு விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது வெளியேறி, பழைய அனுமதி முடிந்த பிறகு திரும்பினால், வீசா இருந்தாலும் முடிவு வரும்வரை வகுப்புக்குப் போக முடியாது. டிக்கெட்டின் வழியையும் பாருங்கள். பிராங்பேர்ட், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் விமான நிலையங்களில் விமானம் மாற இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இடைத்தங்கல் வீசா தேவை. செல்லுபடியாகும் கனேடிய வீசா இருந்தால் விலக்கு உண்டு. அது முடிந்துபோனவர்கள் டோஹா அல்லது துபாய் வழியாக எடுப்பது பாதுகாப்பு.