முதுநகர் வெயிலில் ஓவர்க்ளாக்கிங்

கடலூர் முதுநகரில் எங்கள் மாடி அறைக்கு ஏசி கிடையாது, கத்திரி வெயிலில் மதியம் அறையே 36 டிகிரி இருக்கும், அங்கேதான் என் கம்ப்யூட்டரின் ரைசன் 5 2600 ப்ராசஸரை, அதோடு வந்த சின்ன கூலரை வைத்தே ஓவர்க்ளாக் செய்தேன், அதாவது அதற்கு நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டினேன். அடிப்படை வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸ். பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் திரை) 3.8 வைத்தேன், வோல்ட்டேஜ் 1.25. நன்றாக ஓடியது. சரி, 4.0 போகலாம் என்று 1.35 கொடுத்தால், 10 நிமிடத்தில் 90 டிகிரியைத் தாண்டிவிட்டது! வேகம் கூடும் அளவுக்குத்தான் சூடும் கூடும் என்று நினைக்காதீர்கள், வோல்ட்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மின்செலவு ஏறும், சூட்டைக் கிளப்புவது அதுதான். அப்புறம் கூலரைக் கழற்றிப் பார்த்தேன். தகடுகளுக்கு இடையே கடற்காற்றின் பிசுபிசுப்போடு தூசு அப்பிக் கிடந்தது. பெயின்ட் பிரஷால் தட்டி, ப்ராசஸரிலிருந்து கூலருக்குச் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருந்ததைத் துடைத்து, பட்டாணி அளவு புதிதாக வைத்தேன். 3.8-க்கே திரும்பினேன், முன்பைவிட 7 டிகிரி குறைவு.