திருக்கோணமலையில் ஒரு திருப்புகழ்

இலங்கையின் திருக்கோணமலையில் இருக்கிற கோணேசர் சிவன் கோயிலுக்குப் போகிறவர்கள் சம்பந்தர் தேவாரத்தைப் பாடிக்கொண்டு போவதுதான் வழக்கம். அதே தலத்துக்கு அருணகிரிநாதரும் முருகன்மேல் ஒரு திருப்புகழ் பாடியிருக்கிறார். தெரிந்தவர்கள்கூட பெரும்பாலும் அதன் கடைசி வரியைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள், ‘நினைத்த காரியம் அநுக்கூலமே புரி பெருமாளே’ என்று. எங்கள் பெரியம்மா சோதனை எழுதப் போகிற பிள்ளைக்கும் சரி, விசாவுக்குக் காத்திருக்கிறவருக்கும் சரி, இந்தப் பாட்டைத்தான் பாடச் சொல்லுவா. இந்த முறை திருமலைக்கு (திருக்கோணமலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) போனபோது அவவையும் கூட்டிக்கொண்டு போனேன். வழி முழுக்க அந்தப் பாட்டு ‘விலைக்கு மேனியில்’ என்று, விலைக்கு மேனியை அலங்கரித்த பெண்களைச் சொல்லியல்லவா தொடங்குகிறது என்பதே மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

பிரெட்ரிக் கோட்டை வாசலால்தான் கோயிலுக்கு ஏற வேண்டும். வாசலில் பழைய கல்லொன்று சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது, மீன் சின்னமும் சிதைந்த தமிழ் எழுத்துகளுமாக. ‘முன்னே குளக்கோட்டன் மூட்டும் திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே’ என்று அதை வாசித்து, குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த திருப்பணியைப் பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், பிரித்துப்போடுவார்கள் என்று பொருள் சொல்வார்கள். 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அந்தக் கற்களையே கொண்டு கோட்டை கட்டினார்கள். அருணகிரியார் தம் பாட்டில் ‘திருக்கொணாமலை தலத்தாரு கோபுரம்’ என்று ஒரு கோபுரத்தைச் சொல்கிறார், அந்தக் கோபுரம் இன்று இல்லை. அவர் இங்கே நேரில் வந்து பாடினார் என்பது நம்மவர்களின் நம்பிக்கை. கோபுரம் இருந்த காலத்தில் பாடிய பாட்டு கோபுரம் போன பிறகும் வாயில் நிற்கிறதே என்று நினைத்தபடி அந்த வாசலைக் கடந்தபோது நெஞ்சு கனத்துப் போனது.

உள்ளே புள்ளிமான்கள் வழக்கம்போல நடமாடிக்கொண்டிருந்தன. ஒன்று பெரியம்மாவின் அர்ச்சனைப் பைக்குள் மூக்கை விட்டு, தாமரைப் பூவைச் சுற்றியிருந்த இலையின் ஓரத்தைக் கடித்து இழுத்தது. அவ பையை உயரத் தூக்கிக்கொண்டு, ‘இது சாமிக்கு, உனக்கு வாழைப்பழம் தாறன், பொறு’ என்று அதோடு கதைத்துக்கொண்டே ஏறினா.

அருணகிரியாரின் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். திருவண்ணாமலையில் பிறந்து, பொருளையெல்லாம் பரத்தையரிடம் இழந்து, நோயும் அவமானமும் தாங்காமல் கோபுரத்தில் ஏறிக் கீழே விழ, முருகன் தாங்கிப் பிடித்து ‘முத்தைத்தரு’ என்று அடியெடுத்துக் கொடுத்தான் என்பார்கள். அவர் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்பதற்கு, பிரபுடதேவராயர் என்ற மன்னரை அவர் தம் பாட்டில் சொல்வதை ஆதாரமாகக் காட்டுவார்கள். மற்றபடி அந்த வாழ்க்கைக் கதை செவிவழியாக வந்ததே. பாட்டில் ‘நான்’ என்று வருவதையெல்லாம் அவருடைய சொந்தக் கணக்கில் எழுதிவிடக் கூடாது, நம்மைப் போன்றவர்களுக்காக அவர் தம் தலையில் ஏற்றிக்கொண்டது அது என்று சொல்கிற பெரியவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இரண்டுமே சம்மதம்தான். ஏனென்றால் பாட்டைப் பாடுகிற வாய் யாருடையதோ, அந்த ‘நான்’ அவர்தான்.

பெரியம்மாவிடம் நெடுநாளாகக் கேட்க நினைத்ததைப் படியேறும்போது கேட்டேன். பெண்களை இப்படிப் பாடி வைத்திருக்கிறாரே, உங்களுக்குக் கஷ்டமாக இல்லையா என்று. அவ கொஞ்சம் மூச்சு வாங்கி நின்று, ‘பிள்ளை, அந்தப் பாட்டில ஆரைத் திட்டியிருக்கிறார் எண்டு வடிவாப் பார். கொடியேன் எண்டு தன்னைத்தான்’ என்றா. வீட்டுக்கு வந்து வரி வரியாகப் பார்த்தேன். விலைக்கு மேனியை அலங்கரித்தவர்கள் முதல் அடியோடு போய்விடுகிறார்கள். அதற்குப் பிறகு முழுக்க அவர்தான். ‘மிகுத்த காமியன்’ என்று உலகத்தார் எதிரே நின்று சிரிக்கிறதையும், உடம்பு நோய்க்கூடாய்ப் போய்விடுமே என்ற பயத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார். ஆனாலும் பெண்களைச் சொல்லும் அந்த அடி இன்றைக்கு எல்லாருக்கும் சுலபமாக வாயில் வராது என்பதை நான் மறுக்கவில்லை.

ஒரு திருப்புகழ் முழுவதும் ஒரே வாக்கியம் போலத்தான் ஓடும், எங்கேயோ தொடங்கி இடையில் முற்றுப்புள்ளி இல்லாமல் ‘பெருமாளே’ என்கிற விளியில் போய் நிற்கும். அதனால் மேகலையும் மணிப்பூணும் மினுக்குகிற அந்த முதல் அடியும், கோணமலை முருகனைக் கூப்பிடுகிற கடைசி அடியும் ஒரே மூச்சுக்குள் இருக்கின்றன. பாவத்தை ஒரு பக்கத்தில் எழுதி மூடிவிட்டு, புதுப் பக்கத்தில் பக்தியைத் தொடங்குகிற ஆள் அவர் இல்லை. நடுவில் ஒரு இடம் வருகிறது, ‘உனைக் கவிக்குளாய்ச் சொலி கடைத்தேறவே செயும் ஒரு வாழ்வே’ என்று. உன்னைப் பாட்டுக்குள் வைத்துச் சொல்லியே நான் கரையேற வழி செய்கிறவனே என்கிறார். தவம், யாத்திரை, விரதம் ஒன்றையும் அந்த இடத்தில் அவர் சொல்லவில்லை. பாட்டுத்தான் அவருக்குத் தோணி.

சந்நிதியில் கோணேசரையும் அம்பாள் மாதுமையாளையும் கும்பிட்டோம். இப்போது நிற்கிற கோயிலுக்கு 1963இல் கும்பாபிஷேகம் நடந்தது. அதற்கு முன் 1950இல் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து பழைய செப்புத் திருமேனிகள் வெளிவந்த கதையைத் திருமலைக்காரர்கள் இன்றும் நேற்று நடந்தது போலச் சொல்வார்கள். பாவநாசம்தான் இங்கே தீர்த்தம். அர்ச்சனை ரிக்கெட் எடுத்து, ஐயர் தீபம் காட்டி முடிய, வீபூதியும் சந்தனமும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

இராவணன் வெட்டுப் பக்கம் போனால் காற்று சேலையைப் பிடித்து இழுக்கும். மலை பிளந்த இடத்தில் கடல் அடித்து வெள்ளையாக மேலே எழும்புவது பார்க்கப் பயமாகவும் இருக்கும், விட்டுவரவும் மனம் வராது. அங்கே இராவணனுக்கு ஒரு சிலையும் உண்டு, மரத்தில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய குட்டித் தொட்டில்களும் ஆடும். தாய்க்காக இந்த மலையையே பெயர்க்கப் பார்த்தான் என்றும், தாய் இறந்ததும் கிரியைக்காக உண்டாக்கியதுதான் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் என்றும் கதை. சம்பந்தர் கோணமலைப் பதிகத்தின் எட்டாம் பாட்டில் இதே இராவணனைத்தான் வைக்கிறார். ‘எடுத்தவன் தருக்கை இழித்தவர் விரலால் ஏத்திட ஆத்தமாம் பேறு தொடுத்தவர்’. கயிலையைத் தூக்கியவனின் செருக்கை விரலால் அழுத்தி அடக்கியதும், அவன் பாடித் துதித்ததும், பேறு கொடுத்ததும் அந்தச் சின்ன அடிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. சம்பந்தர் இராமேச்சரத்தில் நின்றபடியே இந்தப் பதிகத்தைப் பாடினார் என்கிறது பெரியபுராணம். நசுங்கிக் கிடந்த இராவணனையும் பாட்டுத்தான் தூக்கிவிட்டிருக்கிறது, சாமகானம்.

அந்தப் பாறையடியில் பெரியம்மா திருப்புகழைத் தொடக்கத்திலிருந்தே பாடினா. அலைச் சத்தத்தில் பாதி எனக்குக் கேட்கவில்லை. ‘கொடியேனை’ என்ற இடத்தில் மட்டும் குரலை இறக்கிப் பாடினா, அதற்கு நான் காரணம் கேட்கவில்லை.

திருமலைக்குப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். காரியம் அனுகூலமாக வேண்டும் என்று கடைசி வரியை மட்டும் பாடிவிட்டு வந்துவிடாதீர்கள், ‘விலைக்கு மேனியில்’ என்பதிலிருந்தே தொடங்குங்கள். சந்தம் நாக்குக்குப் பிடிபடக் கொஞ்சம் நேரம் எடுக்கும், வீட்டில் பாடிப் பழகிக்கொண்டு போனால் நல்லது. வெயில் ஏறினால் கோயிலடிக் கல்லில் கால் வைக்க முடியாது, காலைப் பூசைக்கே போய்விடுங்கள்.