மழைநீர்க் குழியில் தண்ணீர் இறங்குகிறதா?

2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அதனால் சென்னையில் பெரும்பாலான வீடுகளில் ஏதோ ஒரு மூலையில் ஒரு குழி இருக்கிறது. மேலே சிமெண்ட் பலகை, பலகை மேல் துளசித் தொட்டியோ ஓடாத ஸ்கூட்டரோ. குழி வெட்டியதோடு கதை முடிந்துவிட்டது. தூர் வார வேண்டும் என்ற நினைப்பே பலருக்கு வருவதில்லை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பரிலேயே பலகையைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

சோதனை எளிது. 15 லிட்டர் வாளியில் பத்து வாளித் தண்ணீரைக் குழியில் ஊற்றுங்கள். 3 அடி விட்டமுள்ள காலி உறை கிணறு (சிமெண்ட் வளையங்களை அடுக்கி இறக்கியது, உள்ளே ஜல்லி இல்லாதது) என்றால் மட்டம் சுமார் 9 அங்குலம் ஏறும். மணல் தரையில் கொஞ்ச நேரத்திலேயே இறங்கிவிடும். மறுநாள் காலையிலும் அப்படியே நின்றால், அடியில் வண்டல் படிந்து அடைத்திருக்கிறது, அல்லது குழி களிமண்ணிலேயே முடிந்திருக்கிறது.

இப்போது கணக்கு. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். 1,000 சதுர அடி மாடி சுமார் 93 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. கொட்டினால், ஆவியானதும் தளம் குடித்ததும் போக, 3,900 லிட்டர் வரை கீழே வரும். பில்டர்கள் வழக்கமாகக் கட்டித் தருகிற 3 அடிக்கு 3 அடி, 5 அடி ஆழக் குழியில் ஜல்லியை நிரப்பிவிடுவார்கள். கல்லுக்கு இடையில் மிஞ்சுகிற இடம் 500 லிட்டர்கூட வராது. ஏழெட்டு நிமிடத்தில் நிரம்பி, மிச்சம் தெருவுக்குப் போய்விடும். அடைத்துக்கொண்டால் அத்தனை ஜல்லியையும் வெளியே அள்ளிக் கழுவித்தான் திரும்பப் போட வேண்டும். யார் செய்யப் போகிறார்கள்?

அதனால்தான் காலி உறை கிணறு மேல். 3 அடி விட்டம், 15 அடி ஆழம் என்றால் 3,000 லிட்டர் பிடிக்கும். உறைகளுக்கு இடையே சிமெண்ட் பூசக் கூடாது. பக்கவாட்டிலும் நீர் கசிய வேண்டும். அஸ்திவாரத்திலிருந்து குறைந்தது 5 அடி தள்ளி, செப்டிக் டேங்குக்கு எதிர் மூலையில் இறக்குங்கள். மூடியில் காற்றுத் துளை விட்டு, துளையில் கொசு வலை கட்டுங்கள். தூர் வாரும்போது மேலிருந்தே கயிறு, வாளி கொண்டு அள்ளுவது நல்லது. வருஷக்கணக்கில் மூடிக் கிடந்த கிணற்றில் போதிய ஆக்ஸிஜன் இல்லாமல் போகலாம். ஆளை உள்ளே இறக்கினால் உயிருக்கே ஆபத்து.

மண்ணைப் பொறுத்து வேலை மாறும். திருவான்மியூர், சாந்தோம், தண்டையார்பேட்டை போன்ற கடலோர மணலில் உறை கிணறே போதும். மேற்கு மாம்பலம், அண்ணா நகர், கொளத்தூர் பக்கம் களிமண். அங்கே உறை கிணற்றின் அடியில் மணல் படுகை தட்டும் வரை துளை போட்டு, பக்கவாட்டில் வெட்டு விட்ட பிவிசி குழாயை இறக்கி, சுற்றிலும் சிறு ஜல்லி நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் எத்தனை முறை தூர் வாரினாலும் கிணறு வெறும் தொட்டிதான்.

ஓடிக்கொண்டிருக்கும் போர்வெல்லுக்குள் மாடித் தண்ணீரை நேராக விடச் சொல்லும் பிளம்பர்கள் உண்டு. கேட்காதீர்கள். வண்டலும் காக்கை எச்சமும் சேர்ந்து இறங்கி, தண்ணீரைக் கெடுத்து, துளையையும் அடைத்துவிடும்.

சம்ப்பில் (தரைக்கடித் தொட்டியில்) சேமிக்க நினைத்தால் வடிகட்டி வேண்டும். 200 லிட்டர் டிரம் ஒன்றில் அடியில் 20 மி.மீ. ஜல்லி 20 செ.மீ., அதன் மேல் சிறு ஜல்லி 10 செ.மீ., கரி 10 செ.மீ., நைலான் வலை, பிறகு பருமணல் 20 செ.மீ. மேலே ஒரு சாண் காலியாக இருக்கட்டும். எம் சாண்ட் போடுவதானால் நன்றாக அலசிவிட்டுப் போடுங்கள், அதில் இருக்கும் கல் தூசியே அடைத்துவிடும். பெருமழையின் வேகத்துக்கு இந்த டிரம் ஈடுகொடுக்காது. விளிம்புக்குக் கீழே ஒரு குழாய் வைத்து, வழிவதை உறை கிணற்றுக்குத் திருப்புங்கள். அழுக்கு பெரும்பாலும் மணலின் மேல் அங்குலத்தில்தான் தங்கும். அதைச் சுரண்டி எடுத்துப் புது மணல் போட்டால் அந்தப் பருவத்துக்குப் போதும். இப்படி வடிகட்டியது துவைக்க, கழுவ, செடிக்கு ஆகும். குடிப்பதற்கு இது போதாது.

எதிலும் முதல் மழையை உள்ளே விடக் கூடாது. கோடை முழுக்கச் சேர்ந்த தூசியும் எச்சமும் முதல் 2 மி.மீ. மழையில்தான் கழுவி வரும். நம் 1,000 சதுர அடி மாடிக்கு அது கிட்டத்தட்ட 190 லிட்டர். 4 அங்குலக் குழாய் மீட்டருக்கு எட்டரை லிட்டர்தான் பிடிக்கும் என்பதால், கடையில் விற்கிற ஒரு மீட்டர் 'முதல் மழைக் குழாய்' பெயருக்குத்தான். இறங்கு குழாயில் ஒரு 'T' இணைப்பு போட்டு, கீழே பால் வால்வு (பந்து வால்வு) வையுங்கள். மழை தொடங்கியதும் பத்து நிமிடம் திறந்து வெளியே விட்டு, பிறகு மூடுங்கள். வெளியூர் போகும்போது திறந்தே இருக்கட்டும்.

கார் நிற்கிற தரையிலிருந்து வரும் தண்ணீரில் எண்ணெய் இருக்கும். அதை மாடித் தண்ணீரோடு கலக்காதீர்கள். மாடியைப் பினாயில் ஊற்றிக் கழுவும் வழக்கம் இருந்தால், அந்த நேரத்திலும் வால்வு திறந்திருக்க வேண்டும்.