மூன்றாம் பருவத்தில் கேட்ட கேள்வி

எங்கள் துறையின் இளநிலைக் கணினி அறிவியல் பாடத்திட்டத்தைத் திருத்தும் குழுவில் நானும் இருக்கிறேன். சென்ற கூட்டத்தில் இரண்டு மணி நேரமும் எதைச் சேர்ப்பது என்றே பேசினோம். இயந்திரக் கற்றல், மேகக் கணிமை, இணையப் பாதுகாப்பு, எல்லாம் வேண்டியவைதான். எனக்கோ ஒரு மாணவி கேட்ட கேள்வியை விட்டு மனம் நகரவில்லை.

தரவுக் கட்டமைப்புகள் ஆய்வக வகுப்பு அது. ஒரு கோடி முழு எண்களை அணியில், அதாவது நினைவகத்தின் அடுத்தடுத்த இடங்களில், வைத்துக் கூட்டச் சொன்னேன். பிறகு அதே எண்களை இணைப்புப் பட்டியலில் போட்டு (இதில் ஒவ்வோர் எண்ணும் ஒரு கணுவில் இருக்கும், அடுத்த கணு எங்கே என்பதையும் அந்தக் கணுவே சொல்லும்), கணுக்கள் நினைவகத்தில் இருக்கும் வரிசையைக் கலைத்துவிட்டு, மறுபடி கூட்டச் சொன்னேன். இரண்டிலும் ஒவ்வோர் எண்ணையும் ஒரே முறைதான் தொடுகிறோம். இரண்டுக்கும் நேரச் சிக்கல்தன்மை, அதாவது எண்கள் கூடக் கூட வேலை எந்த வீதத்தில் கூடும் என்ற கணக்கு, ஒன்றே என்று பலகையில் எழுதியதும் நான்தான். ஆனால் பட்டியல் பல மடங்கு நேரம் எடுத்தது. அவள் மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, பலகையில் இருப்பது தவறா, என் நிரல் தவறா?" என்று கேட்டாள்.

இரண்டும் சரிதான். செயலி நினைவகத்திலிருந்து ஒற்றை எண்ணை மட்டும் எடுத்து வருவதில்லை. பெரும்பாலான கணினிகளில் 64 பைட்டுகளை ஒரே வாரில் அள்ளி, கேஷ் என்ற சிறிய, வேகமான நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. எண்ணுக்கு 4 பைட் என்றால், அணியில் ஒருமுறை அள்ளினாலே 16 எண்கள் வந்துவிடும். சிதறிக் கிடக்கும் கணுக்களுக்கு அந்த வசதி இல்லை. ஏறக்குறைய ஒவ்வொன்றுக்கும் நினைவகம் வரை போய்த் திரும்ப வேண்டும்.

இதைத்தான் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் திட்டத்தில் கேஷ் வருவது ஐந்தாம் பருவத்தில், கணினி அமைப்புப் பாடத்தில். "அப்போது புரியும்" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனேன். அது இன்னும் உறுத்துகிறது. ஓராண்டு கழித்து அந்தப் பதில் வரும்போது, கேட்டவளுக்குக் கேள்வியே மறந்திருக்கும்.

ஆகவே, இரண்டு பாடங்களையும் மூன்றாம் பருவத்திலேயே வைத்து, ஆய்வகத்தைப் பொதுவாக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதற்கு இடம் எங்கே என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. 1968-இல் கணினியியலாளர்களின் சங்கமான ஏ.சி.எம். வெளியிட்ட பாடத்திட்டப் பரிந்துரையில் 22 பாடங்கள் இருந்தன. அவற்றில் எண்சார் கணிதத்துக்கே, அதாவது கணக்குகளுக்குக் கணினியில் தோராய எண் விடை காணும் முறைகளுக்கே, மூன்று. 2023-இல் வந்த பரிந்துரை 17 அறிவுத் துறைகளாகப் பிரிந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்குத் தனி இடம் உண்டு, எண்சார் கணிதத்துக்கு இல்லை. ஒன்று உள்ளே வந்தால் இன்னொன்று நகர்ந்துதான் ஆக வேண்டும்.

என் பங்குக்கு நான் கை வைத்தது இலக்க மின்சுற்றுப் பாடத்தில். மின்சுற்றின் தருக்கக் கோவைகளை ஆறு மாறிகள் வரை கார்னோ வரைபடம் என்ற கட்டங்களில் போட்டுச் சுருக்கவே மூன்று வாரம் போகிறது. நான்கு மாறிகளோடு நிறுத்தினால் கருத்து பிடிபட்டுவிடும். அதற்கு மேல் உள்ளதை மென்பொருளே செய்கிறது. அந்தப் பாடத்தை ஆண்டுக்கணக்கில் நடத்தி வரும் மூத்த ஆசிரியருக்கு இதில் வருத்தம்தான். கையால் போட்டுப் பழகும்போது வரும் பொறுமையைப் பற்றி அவர் சொன்னதை என்னால் எளிதில் தள்ள முடியவில்லை. இருந்தாலும் ஒரு வாரத்தை விட்டுக்கொடுத்தார்.

கணினி அமைப்பு நடத்துபவர் ஆய்வகத்தைப் பகிர்ந்துகொள்ளச் சம்மதித்துவிட்டார். முதல் பயிற்சியை நேற்று இருவரும் சேர்ந்து எழுதினோம்: ஒரு கோடி எண்கள், ஓர் அணி, ஒரு பட்டியல், ஒரு கடிகாரம்.