ஆவாரையின் காது

போகியன்று காப்புக் கட்டுவதற்கு வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றும் வேண்டும். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் வசிக்கும் எங்களுக்கு வேப்பிலை எளிதில் கிடைத்துவிடும். ஆவாரைக்குத்தான் ஆண்டுதோறும் அலைச்சல். அதனால் நகருக்கு வெளியே ஒரு நாற்றுக்கடையில் ஆவாரை என்று சொல்லிக் கொடுத்த கன்றை வாங்கி வந்து, இரண்டு ஆண்டுகள் தண்ணீர் ஊற்றி வளர்த்தேன். மஞ்சள் பூவும் பூத்தது.

தாராபுரத்தில் பிறந்து மணமாகி இங்கு வந்த என் அத்தை, இலைக்காம்பின் அடியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "காது எங்க கண்ணு? இது ஆவாரையே இல்ல" என்றார்.

ஆவாரையின் ஒவ்வோர் இலைக்காம்பின் அடியிலும் இரண்டு அகன்ற பச்சைச் செதில்கள், காதுமடல்களைப் போலத் தண்டை அணைத்தபடி உதிராமல் நிற்கும். லின்னேயஸ் 1753இல் இச்செடிக்கு வைத்த காசியா ஆரிகுலேட்டா என்ற பெயரிலும் 'சிறு காது' என்னும் லத்தீன் சொல்லே இருக்கிறது. பின்னர் அது சென்னா பேரினத்துக்கு மாற்றப்பட்டபோதும் காது போகவில்லை. நான் வளர்த்தது சென்னா சுராட்டென்சிஸ். அதில் அந்தச் செதில் மெல்லிய கீற்றாக மட்டுமே இருக்கும். மலாய்க்காரர்கள் கெலெங்காங் என்று அழைக்கும் சீமையகத்தியையும் சிலர் ஆவாரை என்று நினைக்கிறார்கள். அதன் பூங்கொத்து மெழுகுவத்தி போல நிமிர்ந்து நிற்பதால் அதைப் பிரித்தறிவது எளிது.

உண்மையான ஆவாரை பிறகு தெரிந்தவர் ஒருவரிடமிருந்து கிடைத்தது. தமிழகத்தின் வறண்ட கரட்டு நிலத்தில் தானாக முளைத்து, பட்டையைத் தோல் பதனிடவும் பூவைக் குடிநீருக்கும் கொடுக்கும் இந்தச் செடிக்கு, ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் கோலாலம்பூர் மழை பெரும் பகை. முதல் கன்று வேர் அழுகிச் செத்தது. இரண்டாவதை ஆற்றுமணலும் சரளைக்கல்லும் பாதிக்குப் பாதி கலந்த தொட்டியில், சாரல் படாத மேற்குப் பால்கனியில் வைத்தேன், அது பிழைத்தது.

பூத்த நாளில் வெகுநேரம் அருகில் நின்று பார்த்தேன். ஐந்து இதழ்களுக்கு நடுவே பத்து மகரந்தத் தாள்கள்; மேலே உள்ள மூன்றும் மலடு. பூவில் தேன் கிடையாது. ஒரு கருந்தச்சன் வண்டு வந்து தாள்களைக் கால்களால் பற்றிக்கொண்டு, உடலை அதிரவைத்து உரக்க ரீங்கரித்தது. மகரந்தப் பைகளின் நுனியில் உள்ள துளை வழியாகத் தூள் சிதறி அதன் வயிற்றில் படிந்தது. இந்த அதிர்வு இல்லாவிட்டால் மகரந்தம் எளிதில் வெளியே வராது.

இந்தப் போகிக்குக் கிளையை வெட்ட எனக்கு மனம் வரவில்லை. அத்தையே ஒற்றைக் கொத்தைக் கிள்ளி, வேப்பிலையோடு சேர்த்து நிலைப்படியில் செருகினார்.